மூணு மாசம் கழியட்டும்

எங்கள் வீட்டுக்கு உப்பு மூட்டையில்தான் வரும். அப்பா தூத்துக்குடியில் ஓர் உப்பளத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். கோடையில் உப்பு வாரும் நாட்களில் அரை மூட்டை கல்லுப்பை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். அம்மா அதைச் சமையலறை மூலையில் இருக்கும் பெரிய பீங்கான் சாடியில் கொட்டி வைப்பாள். குழம்புக்கும் அதுதான், மாங்காய் ஊறுகாய்க்கும் அதுதான், பல்வலி வந்தால் வாய் கொப்புளிக்கவும் அதுதான். கடையில் பாக்கெட்டில் விற்கிற தூளுப்பை அம்மா வாங்கி நான் பார்த்ததில்லை. "உப்பு விளையிற ஊர்ல இருந்துக்கிட்டு பாக்கெட்டு உப்பு வாங்குனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்பாள்.

அந்தச் சாடியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் சொல்ல வேண்டியது, நான் மாத்திரையை நிறுத்தியிருந்த இருபத்து மூன்று நாட்களைப் பற்றி.

எனக்கு 26 வயதில் தைராய்டு குறைவு என்று தெரிந்தது. எந்நேரமும் அசதி, கொத்துக் கொத்தாக முடி உதிர்வு, எல்லோரும் மின்விசிறி கேட்கும் வெயிலில் எனக்கு மட்டும் போர்வை. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, தினமும் காலையில் வெறும் வயிற்றில் 50 மைக்ரோகிராம் தைராக்சின் மாத்திரை ஒன்று போடச் சொன்னார்கள். போட்டேன். உடம்பு தேறியது. கல்யாணம் ஆனது. ஒன்றரை வருடம் கழித்து, வீட்டிலேயே செய்து பார்த்த சோதனையில் இரண்டு கோடு தெரிந்தது.

அத்தையிடம்தான் முதலில் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு விஷயம் சொன்னார். "மூணு மாசம் கழியட்டும் தாயி, அதுவரைக்கும் வெளிய மூச்சு விடாத." அடுத்தது, "வயித்துல புள்ள தங்கி நிக்கிற நேரம், இங்கிலீஷ் மாத்திரை எதையும் வாயில வைக்காத. எல்லாம் சூடு."

அத்தைக்கு இரண்டு கர்ப்பம் கலைந்திருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்த பயம் எனக்குப் புரிந்தது. பத்து வருடம் படித்தவள் நான், வேலைக்குப் போகிறவள். ஆனாலும் அன்றைக்கு எனக்கும் அது சரி என்றே பட்டது. தலைவலி மாத்திரைகூட போடக்கூடாது என்கிறார்களே, இதை மட்டும் எதற்கு என்று டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. போனால் தெருவுக்கே தெரிந்துவிடும்.

ஒன்பதாவது வாரத்தில் லேசாக ரத்தம் பட்டது. பயந்து ஓடினோம். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, துடிப்பு நன்றாக இருந்தது. ஆனால் டி.எஸ்.எச். 11.4 என்று வந்தது. தைராய்டு குறையக் குறைய ரத்தத்தில் ஏறுகிற எண் அது, எனக்கு நன்றாக ஏறியிருந்தது. டாக்டரம்மா அறிக்கையைப் பார்த்துவிட்டு, "மாத்திரையை எப்ப நிறுத்துனீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். தேதி சொன்னேன். அவர் திட்டவில்லை. மருந்துச் சீட்டில் அளவைக் கூட்டி எழுதிக்கொண்டே, "பாப்பாவுக்கு இன்னும் சொந்தமா தைராய்டு வேலை செய்ய ஆரம்பிக்கலம்மா. இப்போதைக்கு உங்களோடதை வச்சுத்தான் ஓட்டுது" என்றார்.

அந்த வாக்கியத்தை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. தைராய்டு மாத்திரை என் முடிக்கும் என் அசதிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அது என்னைத் தாண்டிப் போய் இன்னொருவருடைய மூளைக்குள் வேலை செய்கிறது என்று ஒன்றரை வருடத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து இன்றுவரை, கிட்டத்தட்ட ஏழு வருடமாக, இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. ஒரு தாயாகப் படித்து, எனக்குப் புரிந்ததை, புரிந்த மொழியில் எழுதுகிறேன்.

கருவில் இருக்கும் குழந்தையின் தைராய்டுச் சுரப்பி ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரத்தில்தான் ஹார்மோன் செய்யத் தொடங்குகிறது. அதுவும் உடனே தன் தேவைக்கு ஏற்றபடி செய்துவிடாது. பதினாறு, இருபது வாரம் ஆகும். ஆனால் மூளை அதுவரை காத்திருப்பதில்லை. ஆறாவது வாரத்திலேயே கருவைச் சுற்றியுள்ள திரவத்தில் தாயின் தைராய்டு சுரக்கும் தைராக்சின் ஹார்மோன் இருக்கிறது. பத்தாவது வாரத்தை ஒட்டி, கருவின் மூளைச் செல்களுக்குள் இந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் தயாராகிவிடுகின்றன. அதாவது வாங்குகிறவர் கையை நீட்டிவிட்டார். கொடுப்பதற்குத் தாயைத் தவிர ஆளில்லை.

கொடுப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தைராய்டு ஹார்மோனில் இரண்டு வகை. நான்கு அயோடின் அணுக்கள் உள்ள தைராக்சின், அதாவது டி4. அதில் ஓர் அணு கழன்றால் டி3. உடம்பில் உண்மையில் வேலை செய்வது டி3தான். அப்படியென்றால் தாயின் ரத்தத்தில் டி3 நிறைய இருந்தால் போதுமே என்று தோன்றும். போதாது. கருவின் மூளை தாயிடமிருந்து டி4-ஐ வாங்கி, தனக்குள்ளேயே அதை டி3 ஆக்கிக்கொள்கிறது. கடை மாவை வாங்காமல், அரிசியை வாங்கி வீட்டிலேயே ஆட்டிக்கொள்ளும் வீடு மாதிரி. அரிசி வரவில்லை என்றால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

அப்படி என்னதான் செய்கிறது அந்த டி3? செல்லின் உட்கருவுக்குள் போய், எந்த மரபணு எப்போது விழிக்க வேண்டும், எது எப்போது உறங்க வேண்டும் என்பதை மாற்றுகிறது. மூளையின் மேற்பரப்பான புறணி ஆறு அடுக்குகளால் ஆனது. அந்த அடுக்குகள் கட்டப்படும் விதம் நம் வீடு கட்டும் முறையைப் போன்றதல்ல. நரம்புச் செல்கள் உள்ளே, ஆழத்தில் பிறக்கின்றன. பிறந்ததும், தென்னை மரத்தில் ஏறுவது போல நீண்ட இழைகளைப் பற்றிக்கொண்டு மேலே ஏறுகின்றன. முதலில் பிறந்தவை கீழேயே தங்கிவிட, பின்னால் பிறந்தவை அவற்றைக் கடந்து இன்னும் மேலே போய் அமர்கின்றன. ஒவ்வொன்றுக்கும் போய்ச் சேர வேண்டிய இடம் உண்டு. தைராய்டு ஹார்மோன் போதாதபோது சில செல்கள் பாதியிலேயே நின்றுவிடுகின்றன, அல்லது வேறு அடுக்கில் போய் உட்கார்ந்துவிடுகின்றன. ஏறுகிற காலம் முடிந்தபின் எவ்வளவு ஹார்மோன் கொடுத்தாலும், அவை மறுபடி இறங்கி ஏறுவதில்லை.

இதைக் காட்டியவர்களில் ஒருவர் ஸ்பெயின் நாட்டின் கப்ரியேலா மொர்ரியாலே. 1950-களில் கிரனாடா பக்கத்து அல்புஹாரா மலைக்கிராமங்களில் பள்ளிப் பிள்ளைகளின் கழுத்து வீக்கத்தையும் அவர்கள் உடம்பில் இருக்கும் அயோடினையும் அளந்ததில் தொடங்கி, ஐம்பது வருடத்துக்கு மேல் இந்த ஒரே கேள்வியின் பின்னால் நடந்தவர். தாயின் ஹார்மோன் கருவுக்குப் போய்ச் சேருவதே இல்லை என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. போய்ச் சேருகிறது என்று எலிகளில் அளந்து காட்டியது மட்ரிடில் இருந்த அவருடைய ஆய்வுக்குழு. 2004-இல் அந்தக் குழு வெளியிட்ட ஓர் ஆய்வை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். எலியின் கர்ப்பம் சுமார் 22 நாள். அதில் பன்னிரண்டாம் நாளிலிருந்து வெறும் மூன்று நாள் மட்டும் தாயின் தைராய்டை மருந்தால் மட்டுப்படுத்தினார்கள். தாய்க்கு வெளியே தெரியும்படி எந்த நோயும் இல்லை. ஆனால் குட்டிகளின் மூளையில் செல்கள் இடம் மாறிக் கிடந்தன. உடனே, அடுத்த நாட்களிலேயே தைராக்சின் கொடுத்த தாய்களின் குட்டிகளுக்கு அந்தக் கோளாறு வரவில்லை. இரண்டு நாள் தள்ளிக் கொடுத்தபோது பலனில்லை.

மூன்று நாள் என்று படித்த இடத்தில் நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். என் கணக்கில் இருந்தது இருபத்து மூன்று நாள்.

எலி வேறு, மனுஷி வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்புறம் மனுஷிகளைப் பற்றியும் படித்தேன். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1987 முதல் 1990 வரை, 25,000-க்கும் அதிகமான கர்ப்பிணிகளிடம் எடுத்த ரத்தத்தைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். பின்னாளில் ஜேம்ஸ் ஹேடோவும் அவருடன் இருந்தவர்களும் அதில் டி.எஸ்.எச். உயர்ந்திருந்த 62 பெண்களைக் கண்டுபிடித்து, அவர்களுடைய பிள்ளைகளை ஏழிலிருந்து ஒன்பது வயதில் தேடிப்போய் அறிவுத்திறன் சோதனை செய்தார்கள். அந்தப் பெண்களில் 48 பேர் கர்ப்ப காலத்தில் தைராய்டுக்கு எந்தச் சிகிச்சையும் எடுக்காதவர்கள். அவர்களுடைய பிள்ளைகளின் சராசரி மதிப்பெண் மற்றப் பிள்ளைகளைவிட 7 புள்ளி குறைவு. 85-ம் அதற்குக் கீழும் எடுத்தவர்கள் இந்தக் குழுவில் 19 சதவீதம், மற்றக் குழுவில் 5 சதவீதம். 1999-இல் இது வெளியானபோது மருத்துவ உலகமே திரும்பிப் பார்த்தது.

ஏழு புள்ளி என்ற அந்த எண்ணோடு நான் மிச்ச ஆறு மாதத்தையும் கழித்தேன். வளைகாப்பில் கை நிறைய வளையல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் அந்த எண்தான் மனதில் ஓடியது. யாரிடமும் சொல்லவில்லை. அத்தையிடம் சொன்னால் அவர் தாங்க மாட்டார்.

கதையின் இன்னொரு பாதியைப் பின்னால்தான் படித்தேன், அதையும் சொல்லாமல் விட்டால் தப்பு. பிரிட்டனிலும் இத்தாலியிலும் சுமார் 22,000 கர்ப்பிணிகளைச் சேர்த்து ஒரு பெரிய சோதனை நடந்தது. ஒரு பாதிப்பேரின் ரத்தத்தை உடனே பார்த்து, தைராய்டு குறைவாக இருந்தால் மாத்திரை கொடுத்தார்கள். மறுபாதியின் ரத்தத்தைப் பிரசவம் முடியும்வரை எடுத்து வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு மூன்று வயதானபோது அளந்து பார்த்தால் இரண்டு பக்கமும் சராசரி 100-ஐ ஒட்டியே நின்றது, வித்தியாசமில்லை. 2012-இல் இது வெளிவந்தது. அமெரிக்காவில் லேசான குறைபாடு உள்ள பெண்களுக்குச் செய்த இன்னொரு சோதனை 2017-இல் வந்தது. ஐந்து வயதில் அளந்தார்கள், அதிலும் வித்தியாசமில்லை.

இதைப் படித்ததும் நான் அழுதேன், நிம்மதியில். பிறகு மறுபடி நிதானமாகப் படித்தேன். அந்தச் சோதனைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் லேசான குறைபாடு உள்ளவர்கள். அதைவிட முக்கியமானது, மாத்திரை எப்போது தொடங்கியது என்பது. பிரிட்டன் சோதனையில் பாதிப் பேருக்கு மாத்திரை தொடங்கும்போதே பதின்மூன்று வாரம் கடந்திருந்தது. செல்கள் தாயை மட்டும் நம்பி ஏறிக்கொண்டிருந்த முதல் கட்டம் அதற்குள் முடிந்துவிட்டது. தாமதமாகக் கொடுத்த மாத்திரை உதவவில்லை என்பது, முன்னதாகக் கொடுத்தாலும் உதவாது என்பதற்குச் சாட்சி ஆகாது. இது என் வாதம் மட்டுமல்ல, அந்த ஆய்வுகள் வந்த நாளிலிருந்து நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் பலரும் எழுப்பிவரும் கேள்வி.

இன்னொரு பக்கமும் உண்டு. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் ஆயிரக்கணக்கான தாய்களையும் பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வில், தாயின் தைராக்சின் குறைந்தபோது மட்டுமல்ல, அதிகமானபோதும் பிள்ளைகளின் சராசரி மதிப்பெண் இறங்கியது; மூளையின் சாம்பல்நிறப் பகுதியின் அளவும் குறைந்திருந்தது. எனவே பயந்துகொண்டு இரண்டு மாத்திரை சேர்த்துப் போட்டுக்கொள்வதும் பாதுகாப்பு ஆகாது. அளவு, அதுவும் சரியான வாரத்தில்.

என் விஷயம் இவ்வளவுதான். ஓர் ஆள், இருபத்து மூன்று நாள், கைக்கு எட்டும் தூரத்தில் மாத்திரை. ஊர் ஊராக, தலைமுறை தலைமுறையாக, அந்த அரிசியே வராமல் போன மலைகளைப் பற்றிப் படித்தபோதுதான் இந்த ஹார்மோன் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு உறைத்தது.

தைராக்சின் செய்ய அயோடின் வேண்டும். பனியும் மழையும் காலங்காலமாக மண்ணிலிருந்து அயோடினைக் கழுவிக்கொண்டு போய்விட்ட இமயமலைச் சரிவுகளில், ஆல்ப்ஸில், பாப்புவா நியூ கினியின் உயர்ந்த பள்ளத்தாக்குகளில், விளையும் தானியத்திலும் அது இல்லை, குடிக்கும் தண்ணீரிலும் இல்லை. அங்கே பெண்களின் கழுத்தில் கழலை. பிறக்கும் பிள்ளைகளில் சிலருக்குக் காது கேட்காது, பேச்சு வராது, கால்கள் விறைத்திருக்கும், அறிவு வளராது. கழலையைக் கண்ணால் பார்க்க முடிந்தது. தாயின் கழுத்துக்கும் பிள்ளையின் காதுக்கும் என்ன சம்பந்தம் என்பது வெகுகாலம் யாருக்கும் பிடிபடவில்லை.

ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ மருத்துவர் 1908-இல், இன்றைய பாகிஸ்தானின் வடக்கே இருக்கும் சித்ரால், கில்கித் பள்ளத்தாக்குகளில் இந்தப் பிள்ளைகளைப் பற்றி விரிவாக எழுதினார். இவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை, நரம்பு பாதிக்கப்பட்டவர்கள் ஒரு வகை, உடம்பு வீங்கி வளர்ச்சி நின்றவர்கள் இன்னொரு வகை என்று பிரித்துக் காட்டியவர் அவர்தான். நரம்பு வகை என்பது, கருவில் இருக்கும்போதே தாயிடமிருந்து ஹார்மோன் கிடைக்காததன் அடையாளம் என்று பின்னால் தெளிவாயிற்று. மெக்கரிசனோ தண்ணீரில் இருக்கும் அசுத்தம்தான் கழலைக்குக் காரணம் என்று நம்பினார். அவருடைய விளக்கம் தவறு, ஆனால் கண்கள் சரியாகப் பார்த்திருக்கின்றன. முதல் உலகப் போருக்குப் பிறகு அவர் நம் குன்னூருக்கு வந்து சத்துக்குறைவு நோய்களை ஆராயும் கூடம் ஒன்றை நடத்தினார். அந்தக் கூடம்தான் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. ஊட்டிக்குப் போகும்போதெல்லாம் அந்தக் குன்னூர் வளைவில் எனக்கு சித்ரால் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள்.

விடை வந்தது பாப்புவா நியூ கினியில் இருந்து. 1966-இல் ஜிமி பள்ளத்தாக்கில் பீட்டர் ஃபாரோவும் சக மருத்துவர்களும் ஒரு குடும்பத்துக்கு அயோடின் கலந்த எண்ணெய் ஊசி, அடுத்த குடும்பத்துக்கு வெறும் உப்புநீர் ஊசி என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். பிறகு பிறந்த பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். உப்புநீர் ஊசி போட்ட தாய்களுக்குப் பிறந்த 534 பிள்ளைகளில் 26 பேர் இந்தக் குறைபாட்டோடு இருந்தார்கள். அயோடின் போட்ட தாய்களுக்குப் பிறந்த 498 பிள்ளைகளில் 7 பேர். அந்த ஏழு பேரில் ஆறு பேரின் தாய்கள், ஊசி போட்ட நாளிலேயே ஏற்கெனவே கர்ப்பமாக இருந்தவர்கள்.

அந்தக் கடைசி வரியை நான் பல தடவை படித்திருக்கிறேன். ஊசி வந்து சேர்ந்தது. மருத்துவர்கள் வந்தார்கள், மலை ஏறி வந்தார்கள். ஆனாலும் அந்த ஆறு பிள்ளைகளுக்கு நேரம் கடந்திருந்தது. கர்ப்பம் உண்டாவதற்கு முன்னால் போட்ட ஊசிதான் வேலை செய்தது.

நம் நாட்டில், இன்றைய இமாச்சலப் பிரதேசத்தில் இருக்கும் காங்க்ரா பள்ளத்தாக்கு. 1950-களின் நடுவில் மருத்துவ ஆராய்ச்சியாளர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் அங்கே ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழும் பகுதியை மூன்றாகப் பிரித்து, இரண்டுக்கு அயோடின் சேர்த்த உப்பும் நடுவில் இருந்த ஒன்றுக்குச் சாதாரண உப்பும் போகும்படி செய்தார்கள். சில வருடங்களில் அயோடின் உப்பு போன இரண்டு பகுதிகளிலும் பள்ளிப் பிள்ளைகளின் கழலை நன்றாகக் குறைந்தது, நடுவில் குறையவில்லை. அந்தப் பலனைப் பார்த்துதான் 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. 1992-இல் அதன் பெயரையே அயோடின் குறைபாட்டு நோய்கள் கட்டுப்பாட்டுத் திட்டம் என்று மாற்றினார்கள். பெயர் மாற்றம்தானே என்று நினைக்கக்கூடாது. கழுத்தில் தெரிவது கழலை மட்டும்தான், தெரியாமல் போவது மூளை என்பதை அரசு ஏட்டிலேயே எழுதிவைத்த மாற்றம் அது. 2006-இலிருந்து, மனிதர்கள் உண்பதற்கென்று அயோடின் சேர்க்காத உப்பை விற்பதற்கு நாடு முழுவதும் தடை இருக்கிறது.

இப்போது சாடிக்கு வருகிறேன்.

குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவில் அதிகமாக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு தூத்துக்குடியில். கடல் தண்ணீரிலேயே அயோடின் இருக்குமே, கடல் உப்பில் இல்லாமலா போகும் என்று அப்பா கேட்பார். கடல் நீரில் இருப்பதே மிகக் குறைவு. பாத்தியில் காய்ந்து உப்பாகும்போது அதிலும் பெரும்பகுதி தங்குவதில்லை. அதனால்தான் ஆலையில் பொட்டாசியம் அயோடேட் கரைசலைத் தெளித்துச் சேர்க்கிறார்கள். கடையில் வாங்கும்போது உப்பில் பத்து லட்சத்துக்குக் குறைந்தது 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒருவர் ஒரு நாளைக்குப் பத்து கிராம் உப்பு சாப்பிட்டால் 150 மைக்ரோகிராம் அயோடின் கிடைக்கும் என்ற கணக்கில் வைத்தது அது. பெரியவர்களுக்கு அது போதும். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் 250 வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

2018-19-இல் எடுத்த இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதுமான அளவு அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுவதும் 76.3 சதவீதம். மாநிலவாரியாகப் பார்த்தால் கடைசி இடம் தமிழ்நாட்டுக்கு, 61.9 சதவீதம். படித்த மாநிலம், ஆஸ்பத்திரிப் பிரசவம் கிட்டத்தட்ட முழுமையான மாநிலம், உப்பு விளையும் மாநிலம். என் அம்மாவின் சாடி போல இன்னும் எத்தனையோ சாடிகள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தைராய்டு குறைந்தது அந்த உப்பால் அல்ல. என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே என் சுரப்பியைத் தாக்கும் வகை எனக்கு. ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருள் இருந்தது. ஆனால் என்னைச் சுமந்தபோது அம்மா சாப்பிட்டது அந்த உப்பைத்தான். அம்மாவை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அளத்துக்காரர் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் பெற்றோம் என்பாள் அம்மா. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது, மனமும் வராது. உப்பு வாரும் பெண்களின் பாதங்கள் வெடித்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த உப்பை வாசலில் வைத்துக்கொண்டு கடைக்குப் போக அவளுக்கு மனம் வராததில் ஒரு மரியாதையும் இருந்தது. இப்போது வீட்டில் பாக்கெட் உப்புதான். அயோடின் சேர்த்த கல்லுப்பும் பாக்கெட்டில் கிடைக்கிறது, ஊறுகாய்க்கு அதை வாங்குகிறாள். அடுப்பின் பக்கத்தில் திறந்து வைக்காமல் மூடிபோட்ட டப்பாவில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஈரமும் சூடும் பட்டால் அயோடின் குறைந்துகொண்டே போகும். உடம்புக்கு நல்லது என்று இந்துப்புக்கு மாறுகிற தோழிகளிடம், குழந்தைக்குக் காத்திருப்பவர்களிடம் மட்டுமாவது, பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள் என்று சொல்கிறேன். சண்டை வந்தாலும் சொல்கிறேன்.

மாத்திரை போடுகிறவர்களுக்கு, என் டாக்டரம்மா எனக்குச் சொன்ன இரண்டு விஷயங்களையும் இங்கே எழுதிவிடுகிறேன். கர்ப்பம் தரித்ததும் தைராக்சின் தேவை கூடும், அதுவும் ஐந்தாவது வாரத்திலேயே. கர்ப்பத்தின் முதல் பாதியில் மருந்தின் அளவு சராசரியாக 47 சதவீதம் கூட்ட வேண்டியிருந்தது என்று பாஸ்டனில் 2004-இல் அளந்திருக்கிறார்கள். அதாவது நான் நிறுத்திய நேரம், கூட்டியிருக்க வேண்டிய நேரம். ஆகவே இரண்டு கோடு தெரிந்த அன்றே மருத்துவரைக் கேளுங்கள். இரண்டாவது, இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் தைராக்சினை வயிற்றிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். நடுவில் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எல்லா மாத்திரையையும் காலையில் ஒரே வாயில் விழுங்குகிற எத்தனை கர்ப்பிணிகளை நான் பார்த்திருக்கிறேன்!

என் மகள் பிறந்த மூன்றாம் நாள், நர்ஸ் அவள் குதிகாலில் சின்னதாகக் குத்தி, ஒரு தடித்த காகிதத்தில் ரத்தத்தைச் சொட்டச் செய்தார். ஒவ்வொரு சொட்டும் காகிதத்தில் வட்டமாகப் பரவியது. கனடாவின் கியூபெக்கில் ஜான் டுசோ என்ற மருத்துவர் 1970-களின் தொடக்கத்தில் வழிசெய்த பரிசோதனை அது. சில குழந்தைகள் சரியாக வேலை செய்யாத தைராய்டுச் சுரப்பியோடு பிறக்கும், சில குழந்தைகள் அந்தச் சுரப்பியே இல்லாமல் பிறக்கும். இரண்டையும் சேர்த்து, பல நாடுகளில் மூவாயிரம், நாலாயிரம் குழந்தைகளுக்கு ஒன்று; இந்தியாவில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஒன்று. பிறந்த இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் அந்தக் குழந்தைகள் பெரும்பாலும் மற்றக் குழந்தைகள் போலவே வளர்கிறார்கள். அது எப்படி, ஒன்பது மாதம் சுரப்பியே இல்லாமல் இருந்த குழந்தைகளும்? அப்படிப் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தை நெதர்லாந்தில் அளந்து பார்த்தார்கள். சுரப்பியே இல்லாத அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் சாதாரணமாக இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை தைராக்சின் இருந்தது. அத்தனையும் தாயினுடையது.

இவ்வளவு படித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பாதி வரைக்குமாவது கொடுத்துக் கடைசி நாள் வரை காப்பாற்றியிருக்கிறாள் தாய், அவளுக்கே தெரியாமல். நான் செய்த தப்பை நினைத்துத் தூக்கம் வராத இரவுகளில் இதை நினைத்துக்கொள்வேன். மாத்திரையை நிறுத்தியிருந்தாலும் மிச்சமிருந்த என் சுரப்பி அந்த இருபத்து மூன்று நாளும் சும்மா இருந்திருக்காது. இருந்ததைக் கொடுத்திருக்கும்.

மகளுக்கு இப்போது ஆறு வயது. இரண்டு வயதுவரை அவள் திரும்பும் ஒவ்வொரு சத்தத்தையும், சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது எண்ணுவதில்லை. அவள் நிறுத்தாமல் பேசுகிறாள். அவளுக்கு மூன்று வயதானபோது அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். "எனக்கு யாரும் சொல்லலியே தாயி" என்றார். "எனக்கும் யாரும் சொல்லலை அத்தை" என்றேன். அத்தைக்குக் கலைந்த அந்த இரண்டு கர்ப்பத்தைப் பற்றி நாங்கள் இருவருமே எதுவும் பேசவில்லை.

மூன்று மாதம் மறைத்து வைக்கும் வழக்கத்தை நான் மூடத்தனம் என்று சொல்ல மாட்டேன். கர்ப்பம் கலைவது பெரும்பாலும் அந்த முதல் மூன்று மாதத்தில்தான். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொருவரிடமும் இல்லை என்று சொல்லும் கொடுமையிலிருந்து ஒரு பெண்ணைக் காக்க, பெண்களே உண்டாக்கிய வழக்கமாகத்தான் அது எனக்குத் தெரிகிறது. ஆனால் குழந்தை தாயின் தைராய்டை மட்டும் நம்பியிருப்பதும் அதே பன்னிரண்டு வாரம்தான். தெருவிடம் மறைக்கலாம், சொந்தபந்தத்திடம் மறைக்கலாம். ரத்தப் பரிசோதனைக் கூடத்திடமும் மறைத்துவிட்டோம், அதுதான் சிக்கல்.

போன மாதம் ஒரு ராத்திரி பத்து மணிக்குத் தங்கச்சி கோயம்புத்தூரில் இருந்து கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். ஐந்து வாரம், மாப்பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும் என்றாள். அவளுக்கு இதுவரை தைராய்டு பிரச்சினை எதுவும் இல்லை. ஆனால் எனக்கு இருக்கிறது; கூடப் பிறந்தவளுக்கு இருந்தால் பார்த்துவிடுவது நல்லது. வாழ்த்துச் சொல்லி முடிப்பதற்குள் டி.எஸ்.எச். என்று ஆரம்பித்துவிட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"சரிக்கா, நாளைக்குக் காலையில வேலைக்குப் போற வழியில ரத்தம் குடுத்துட்டுப் போறேன். வீட்டுல மட்டும் மூணு மாசம் கழிச்சுத்தான் சொல்லுவேன். நீயும் அம்மாகிட்ட இப்ப சொல்லிடாத."

சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து வாட்சப்பில் அறிக்கையின் படம் வந்தது. டி.எஸ்.எச். 1.9.